சிவகாமி கட்டிய தாலி

கேள்வி: ‘சிவகாமியின் சபதம்’ மூன்றாம் முறையும் வாசித்து முடித்தேன். கடைசியில் சிவகாமி கோயிலுக்குப் போனது பக்தியாலா, வேறு போக்கிடம் இல்லாமலா?
– ஒரு வாசகி, எல்கடுவ

பதில்: போக்கிடம் இல்லாமல் போனவளென்றால் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பாள், தங்கச்சி. இவளோ ஏகாம்பரநாதரையே கணவனாக வரித்துத் தாலி அணிகிறாள். அவள் காதலித்த மாமல்லருக்குப் பாண்டிய இளவரசி இருக்கிறாள் என்பது உண்மைதான். சிற்பியின் மகளுக்கு அரண்மனையில் ஏது இடம்?

ஆனாலும் முதல் பாகத்தைத் திரும்பப் புரட்டுங்கள். நாவுக்கரசர் முன்னிலையில், அவர் பதிகத்துக்கு அபிநயம் பிடித்தபடியே மயங்கி விழுகிறாளே, முடிவின் விதையைக் கல்கி அங்கேயே ஊன்றிவிட்டார். 1944இல் தொடராகத் தொடங்கிய கதை. வாரக்கணக்கில் காத்திருந்தவர்கள் அதைக் கவனித்தார்களோ என்னவோ!

என் மனசு நாகநந்தி பிக்ஷுவிடம்தான் போகிறது. மூன்றாம் பாகத்துக்குப் பெயரே ‘பிக்ஷுவின் காதல்’. காவி உடுத்தவர் ஒரு நடனத்தில் நிலைகுலைகிறார். அவருக்கும் சிவகாமிக்கும் கலைதான் தெய்வம். அவள் அதைச் சந்நிதியில் ஒப்படைத்தாள். அவரோ தனக்கென்று கேட்டார்.

சிவகாமியின் பக்தியில் இன்னும் சந்தேகமா? மாசிமகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்கு வருவீர்கள்தானே? பஞ்சரதம் நகரும்போது கூட்டத்தில் கண்ணீரோடு கைகூப்பி நிற்கும் பெண்களைப் பாருங்கள். பிறகு கடைசி அத்தியாயத்தை நான்காம் முறை வாசியுங்கள்.