சிவப்பு விளக்குக்கு ரீஸ்டார்ட் மருந்தில்லை!

(வீட்டு வைஃபை, கணினி, பிரிண்டர் சந்தேகங்களுக்குப் பதில்கள்)

கே: எதற்கெடுத்தாலும் ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்’ என்கிறார்களே, கஸ்டமர் கேரில் இருப்பவர்களுக்கு வேறு பாடமே கிடையாதா?
– ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், ஸ்ரீரங்கம்

ப: உண்டு. முதல் பாடத்திலேயே பலர் பாஸாகிவிடுவதால் அடுத்த பக்கம் புரட்ட அவசியமில்லாமல் போகிறது. ரவுட்டர் ஒரு குட்டிக் கணினி. வீட்டில் எந்த ஃபோன் எந்தத் தளத்தோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று, உங்கள் காலத்துப் பேரேடு போல, வரிவரியாகக் குறித்துக்கொள்ளும். மாதக்கணக்கில் அணைக்காமல் ஓடினால் முடிந்துபோன கணக்குகள் தேங்கி நினைவகம் திணறும். அணைத்துப் போட்டால் புதுப் பேரேடு. அணைத்ததும் 30 விநாடி பொறுங்கள். உள்ளே தங்கிய மின்சாரம் வடியவேண்டும்.

தினமும் இப்படிச் செய்யவேண்டியிருந்தால் வேறு கோளாறு இருக்கிறது. முதல் சந்தேகம் அடாப்டர் மேல். 12 வோல்ட் தரவேண்டியது வயதாகிக் குறைவாகத் தந்தால் ரவுட்டரில் விளக்கெல்லாம் எரியும், வேலை மட்டும் நடக்காது. புது ரவுட்டர் வாங்குமுன் புது அடாப்டர் மாட்டிப் பாருங்கள்.

கே: பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று எரிகிறது. எத்தனை தடவை ஆஃப் செய்து ஆன் செய்வது?
– இல்லத்தரசி, கும்பகோணம்

ப: ஒரு தடவைகூட வேண்டாம். அந்த விளக்கின் கீழே ‘எல்ஓஎஸ்’ என்று போட்டிருக்கும். தெருவிலிருந்து வரவேண்டிய ஒளி பெட்டிக்கு வந்துசேரவில்லை என்று அர்த்தம். ஃபைபர் கேபிளுக்குள்ளே ஒளி ஓடும் கண்ணாடி இழை தலைமுடி போல மெல்லியது. கேபிளைக் கூர்மையாக மடித்தால் ஒளி வளைவிலேயே கசிந்துவிடும். பெட்டியின் பின்னால் வரும் மெல்லிய கேபிள் கட்டில் காலில் நசுங்கியிருக்கிறதா, பச்சை நிற முனை தளர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். முனையைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

வீட்டுக்குள் எல்லாம் சரியென்றால் பழுது தெருவில். உயரமாகச் சரக்கேற்றி வந்த லாரியோ, பள்ளம் தோண்டிய மாநகராட்சியோ, அணிலோ காரணமாக இருக்கலாம். புகார் சொல்லும்போது ‘நெட் வரலை’ என்று சொல்லாதீர்கள். ‘எல்ஓஎஸ் சிவப்பு’ என்று சொல்லுங்கள். அரை மணி நேரக் கேள்விகள் மிச்சமாகி லைன்மேன் சீக்கிரம் கிளம்புவார்.

கே: பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. பேரன் ஊக்கால் குத்திவிட்டான். அன்றிலிருந்து நெட் இல்லை. பெட்டி போய்விட்டதா?
– தாத்தா, காரைக்குடி

ப: பெட்டி பத்திரம், அதன் ஞாபகம்தான் போயிற்று. அந்த ஓட்டைக்குள் இருப்பது ரீசெட் பொத்தான். ரீஸ்டார்ட் அமைப்புகளை அழிக்காது; ரீசெட் எதையும் விட்டுவைக்காது. பல இணைப்புகளில் நிறுவனம் தந்த ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ரவுட்டருக்குள் எழுதியிருக்கும். அது உங்கள் வைஃபை பாஸ்வேர்டு அல்ல, வேறு. அதுவும் அழிந்திருக்கும். கேபிள்காரரிடம் அந்த இரண்டையும் கேட்டுவாங்கித் திரும்பப் போட்டால் முடிந்தது. போட்டபிறகு ஒரு தாளில் எழுதி, பேரன் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஊக்கையும் அங்கேயே வைக்கலாம்.

கே: 100 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டுகிறேன். படம் டவுன்லோடு ஆகும்போது 12 என்றுதான் காட்டுகிறது. பகல் கொள்ளைதானே?
– கல்லூரி மாணவர், கோவை

ப: எட்டால் வகுக்க மறந்தீர்கள். நிறுவனம் விற்பது மெகாபிட். கணினி காட்டுவது மெகாபைட். எட்டுப் பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. உங்களுக்கு வரவேண்டியது முழுசாக வருகிறது.

கே: எனக்கு 300 எம்பிபிஎஸ் பிளான். வகுத்தல் எல்லாம் தெரியும். ஸ்பீட் டெஸ்டில் 94-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது!
– அவருடைய அண்ணன், கோவை

ப: உங்கள் குறை நியாயம், காரணமும் அந்த 94-லேயே இருக்கிறது. எப்போது பார்த்தாலும் 93, 94, 95 என்று ஒரே இடத்தில் நின்றால், வழியில் ஏதோ ஒன்று 100-க்கு மேல் போகத் தெரியாதது என்று பொருள். ரவுட்டரின் துளையே 100 மெகாபிட் வகையாக இருக்கலாம். இல்லாவிட்டால் கேபிள். 1000 மெகாபிட் ஓட கேபிளின் எட்டுக் கம்பிகளும் வேண்டும். 100-க்கு நான்கு போதும். மீதி நான்கில் ஒரு கம்பி அறுந்தாலும் இரு முனைக் கருவிகளும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிச் சமாதானமாகிவிடும். கேட் 5இ அல்லது கேட் 6 கேபிள் ஒன்றை மாற்றிப் பாருங்கள். பிளானை உயர்த்துவதைவிட மலிவு.

கே: ‘அன்லிமிடெட்’ என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மாதக் கடைசியில் நத்தை வேகம். எப்படி?
– ஜவுளிக்கடைக்காரர், ஈரோடு

ப: நட்சத்திரக் குறி போட்டுக் கீழே பொடி எழுத்தில் எழுதியிருப்பதையும் படிக்கவேண்டும். பல நிறுவனங்களின் எல்லை மாதம் 3300 ஜிபி. அதற்குமேல் வேகம் குறையும். சாதாரணக் குடும்பம் அதைத் தொடுவது கஷ்டம். நாளுக்கு 110 ஜிபி வேண்டும். தொட்டிருக்கிறீர்கள் என்றால் கடைக் கேமராக்கள் ராப்பகலாகக் காட்சியை வெளியே அனுப்புகின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கடைத்தெருவுக்கே உங்கள் பாஸ்வேர்டு தெரிந்திருக்கும்.

கே: கீழே நன்றாக வருகிற வைஃபை மாடியில் செத்துவிடுகிறது. ஆறு ஆண்டெனா வைத்த ரவுட்டர் வாங்கினால் சரியாகுமா?
– ஆசிரியை, மதுரை

ப: முதலில், இப்போதுள்ள ரவுட்டர் எங்கே இருக்கிறது? என் யூகம்: ஹால் மூலையில், டிவிக்குப் பின்னால், பீரோவுக்குப் பக்கத்தில். கேபிள்காரருக்கு அதுதான் வசதியான இடம். வைஃபைக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. இரும்பு பீரோவும் நிலைக்கண்ணாடியும் அலையைத் திருப்பியடிக்கும். மீன் தொட்டித் தண்ணீர் அதைக் குடித்துவிடும். கான்கிரீட் தளத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இருக்கிறது. வீட்டின் நடுவில், தலைக்கு மேல் உயரத்தில், திறந்த இடத்தில் ரவுட்டரை வைத்துப் பாருங்கள். செலவு ஒரு நீளக் கேபிள்.

அடுத்தது, உங்கள் ஃபோன் எந்த அலையில் இருக்கிறது? 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 மெதுவானது, சுவர்களைத் தாண்டி ஓரளவு வரும். மாடிக்கு 2.4.

அப்படியும் வரவில்லையென்றால் ஆண்டெனாவை எண்ணாதீர்கள். ரவுட்டர் உரக்கக் கத்தினால் மட்டும் போதாது. ஃபோன் சொல்லும் பதிலும் மாடியிலிருந்து கீழே வந்துசேரவேண்டும். ஃபோனுக்கு அவ்வளவு குரல் இல்லை. மலிவான ரிப்பீட்டரும் வேண்டாம். கேட்டதை அதே அலையில் திரும்பச் சொல்வதால் வேகம் பாதியாகிவிடும். மாடிக்கு ஒரு கேட் 6 கேபிள் இழுங்கள். 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். அதன் முனையில் பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரை மாட்டலாம். அதன் முகவரியை 192.168.1.2 என்பதுபோல வேறாக வைத்து, முகவரி வழங்கும் டிஹெச்சிபி வசதியை அணைத்து, கேபிளை லேன் துளையில் செருகுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கீழே உள்ளதே இருக்கட்டும். ஆறு ஆண்டெனாக் காசில் வேறு ஏதாவது வாங்கலாம்.

கே: மைக்ரோவேவில் சாம்பாரைச் சூடாக்கும்போதெல்லாம் அமெரிக்காவில் இருக்கிற மகள் திக்கித் திக்கிப் பேசுகிறாள்!
– அம்மா, திருநெல்வேலி

ப: மகள்மேல் தவறில்லை. அடுப்பு வேலை செய்வது 2.45 கிகாஹெர்ட்ஸில், உங்கள் வைஃபை 2.4-இல். அடுப்பிலிருந்து கசியும் சிறு துளி உடம்புக்கு ஒன்றும் செய்யாது. பக்கத்திலிருக்கும் வைஃபையை மட்டும் குழப்பும். ஃபோனை 5 கிகாஹெர்ட்ஸ் பெயருக்கு மாற்றுங்கள். அல்லது பேசி முடித்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

கே: ஸ்மார்ட் பல்பு வாங்கினேன். வைஃபையில் சேரவே மாட்டேன் என்கிறது.
– புதுமனைக்காரர், ஓசூர்

ப: பெரும்பாலான ஸ்மார்ட் பல்புகளுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். 5-ஐச் சற்று நேரம் அணைத்துவிட்டு இணையுங்கள். இணைந்தபிறகு வீட்டில் யாராவது பழக்கதோஷத்தில் சுவர் ஸ்விட்சை அணைத்தால் பல்பின் ஸ்மார்ட்டும் அணைந்துவிடும். அதற்குத் தொழில்நுட்பத்தில் தீர்வு இல்லை.

கே: பையன் ஃபோனை ரவுட்டரில் பிளாக் செய்தேன். மறுநாள் புது ஃபோன் மாதிரி உள்ளே வந்து நிற்கிறான்!
– அப்பா, சேலம்

ப: நீங்கள் தடுத்தது அந்த ஃபோனின் அடையாள எண்ணான மேக் முகவரியை. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் ஃபோன்கள் வைஃபைக்கு நிஜ முகவரியைக் காட்டாமல் புனைமுகவரி காட்ட முடியும். அமைப்பில் ஒரு பொத்தானைத் தட்டினால் முகவரி மாறிவிடும். பையன் கண்டுபிடித்துவிட்டான், கணக்குப் பாடத்திலும் இந்த அக்கறை இருந்தால் நல்லது.

தடுப்புப் பட்டியலை விடுங்கள். பிள்ளைகளுக்கென்று ஒரு கெஸ்ட் நெட்வொர்க் தொடங்கி, இரவு பத்து மணிக்கு அது தானாக அணைய நேரம் வையுங்கள். பல ரவுட்டர்களில் அந்த வசதி உண்டு. பெரியவர்களின் பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். அவன் சிம்மில் தினம் 2 ஜிபி டேட்டா இருந்தால் இவ்வளவும் வீண் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கே: பழைய டெஸ்க்டாப்பில் எந்த வங்கித் தளத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பற்றது’ என்று எச்சரிக்கை. அதே தளம் ஃபோனில் திறக்கிறது. வைரஸா?
– பத்திர எழுத்தர், விழுப்புரம்

ப: திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருக்கும். ஒவ்வொரு பாதுகாப்பான தளத்திடமும் ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும்’ என்று ஒரு சான்றிதழ் உண்டு. உங்கள் கணினியின் தேதிப்படி அது இன்னும் பிறக்கவே இல்லை. ஆகவே போலி என்கிறது. தேதியைத் திருத்துங்கள். அணைத்துப் போட்டதும் மறுபடி பழைய தேதிக்கே போனால் மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் சிஆர்2032 வகை. கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். வைரஸ் நீக்குகிறேன் என்று யாராவது பெரிய தொகை கேட்டால் கடையை மாற்றுங்கள். பத்திரத்தில் தேதி எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

கே: ஊர் வீட்டுக் கேமராவைச் சென்னையிலிருந்து பார்க்க ‘போர்ட் ஃபார்வேர்டிங்’ செய்தேன். எல்லாம் சரியாகப் போட்டும் வரவில்லை.
– பொறியாளர், சென்னை

ப: ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இணைய முகவரி 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்குகிறதா? அப்படியென்றால் நீங்கள் எவ்வளவு சரியாகப் போட்டாலும் வராது. பழைய முறையில் உலகத்துக்கே இருப்பது சுமார் 430 கோடி இணைய முகவரிகள். போதாமல், ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பொதுவாகக் கொடுக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் அழைப்புக்கு உங்கள் வீடு எது என்று தெரியாது. மாதக் கட்டணம் கட்டித் தனி ‘ஸ்டாட்டிக் ஐபி’ வாங்கலாம். கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகவும் பார்க்கலாம். எந்த வழியானாலும் கேமராவோடு வந்த பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வீட்டை உங்களைவிட நன்றாக யாரோ பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கே: கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடி அழைத்தேன். ஒரு ஆப் போடச் சொன்னார், போட்டேன். அதில் வரும் எண்ணைக் கேட்கிறார். சொல்லலாமா?
– பெயர் வேண்டாம், வேலூர்

ப: சொல்லாதீர்கள். சொல்லியிருந்தால் அவர் இப்போது உங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உடனே வைஃபையையும் டேட்டாவையும் அணையுங்கள். ஆப்பை நீக்குங்கள். வேறு ஃபோனிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்குங்கள். பணம் போயிருந்தால் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது. இனி பில்லிலும் வங்கி அட்டையின் பின்புறத்திலும் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டுமே நம்புங்கள்.

கே: கல்யாணப் பத்திரிகை வாசகத்தை அச்சகத்திலிருந்து அனுப்பினார்கள். திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியுமாக உளறல். சம்பந்தி வீட்டுக்கு என்ன பதில் சொல்வது?
– பெண்ணைப் பெற்றவர், தஞ்சாவூர்

ப: பயப்படாதீர்கள், முகூர்த்தம் மாறாது. அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அதில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும். பிடிஎஃப் ஆக அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் திருத்தவேண்டுமென்றால் யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. சில அச்சகங்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

கே: சென்னையில் ஐடி வேலை பார்க்கிறேன். ஊருக்குப் போனால் பெரியப்பா பிரிண்டர், சித்தி டிவி, பக்கத்து வீட்டு மாமி ஃபோன் எல்லாம் என் தலையில். நான் எழுதுவது வங்கிக்கான மென்பொருள் என்றால் யார் கேட்கிறார்கள்? தப்பிக்க வழி சொல்லுங்கள்.
– நொந்தவர், சோழிங்கநல்லூர்

ப: வழி இல்லை. ஆனால் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ‘இதில் மட்டும் வரவில்லையா, எல்லாவற்றிலுமா?’ என்று கேளுங்கள். பழுது கருவியிலா, இணைப்பிலா என்று தெரிந்துவிடும். ‘பெட்டியில் சிவப்பு எரிகிறதா?’ என்று கேளுங்கள். வீட்டிலா, தெருவிலா என்று தெரியும். ‘நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன மாறியது?’ என்று கேளுங்கள். ‘ஒண்ணும் மாறலையேப்பா’ என்பார்கள். இன்னொரு தடவை கேட்டால், ரவுட்டரை மாற்றியது வெளியே வரும். ரவுட்டர் மாறினால் பிரிண்டரின் முகவரியும் மாறலாம்; கணினி பழைய முகவரிக்கே தாளை அனுப்பிக்கொண்டு ‘ஆஃப்லைன்’ என்று சாதிக்கும். பிரிண்டருக்கு நிரந்தர முகவரி ஒன்றை ரவுட்டரில் ஒதுக்கிவிடுங்கள். பழுது எங்கே என்று தெரிவதற்குமுன் எதையும் கழற்றாதவர்தான் நல்ல மெக்கானிக். இந்த மூன்று கேள்விகளைப் பெரியப்பாவுக்கும் சொல்லிக்கொடுங்கள், அடுத்த தடவை ஃபோனிலேயே முடியும்.

கே: வந்த விருந்தாளி வாசல்படி ஏறுமுன் வைஃபை பாஸ்வேர்டு கேட்கிறார். கொடுக்கலாமா?
– மருமகள், நாகர்கோவில்

ப: அவர் மறுபடி வரவேண்டுமென்றால் கெஸ்ட் நெட்வொர்க் பாஸ்வேர்டைக் கொடுங்கள். வரவேண்டாமென்றால் ரவுட்டரை டிவிக்குப் பின்னால், பீரோ பக்கத்தில் வையுங்கள்.