எஞ்சினடிக் கருத்துக்காரர்

மந்திரி ராஜினாமா செய்யட்டும், யென் சரியட்டும், பேஸ்பால் வீரருக்குக் கல்யாணம் ஆகட்டும், டோக்கியோவின் டிவிக்காரர்கள் அன்று மாலை மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற இடம் ஒன்றுதான். ஷிம்பாஷி ரயில் நிலையம், ஹிபியா பக்கத்து வாசல். அங்கே ஒரு சின்னத் திடல். திடலின் ஓரத்தில் கறுப்பு நீராவி எஞ்சின் ஒன்று, சி11 வகை, எண் 292. 1872இல் ஜப்பானின் முதல் ரயில் பாதை ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையேதான் திறக்கப்பட்டது. அதன் நூற்றாண்டுக்காக 1972இல் இதைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நிறுத்தியது நிறுத்தியதுதான். பகல் 12 மணிக்கு, 3 மணிக்கு, மாலை 6 மணிக்கு என்று மூன்று வேளை விசில் மட்டும் அடிக்கும்; ஓர் அங்குலம் நகராது. ஓய்வு பெறச் சில வருஷம் இருக்கையில் ஜன்னலோர மேஜைக்குத் தள்ளப்பட்டு, அழைத்தால் மட்டும் குரல் கொடுக்கிற மூத்த ஊழியர்களுக்கு இந்த எஞ்சின் மேல் ஒரு தனிப் பாசம் உண்டு.

மைக்குக்குக் கருத்துச் சொல்கிற நம்மவர் அந்த எஞ்சினுக்கு எதிரில், ஆறரை மணிக்கு மேல் அகப்படுவார். ஐம்பதைத் தாண்டிய வயது, கருநீல சூட், ஒரு தோளில் தொங்கும் பை. டை எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தே எத்தனை பீர் உள்ளே போயிருக்கிறது என்று கணக்குச் சொல்லிவிடலாம். டிவியில் அவருக்குப் பெயர் கிடையாது. திரையின் கீழே "கம்பெனி ஊழியர், ஐம்பதுகளில்" என்று போடுவார்கள். வருஷக்கணக்காக அதே வரிதான், ஆள்தான் மாறிக்கொண்டிருக்கிறார்.

டிவிக்காரர்கள் ஊரை இப்படிப் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். இளசுகளின் கருத்து வேண்டுமென்றால் ஷிபுயா நாற்சந்தி. பாட்டிகளின் கருத்துக்கு சுகாமோவின் ஜிஸோ கோயில் கடைத்தெரு. உடம்புக்கு நல்லதென்று சிவப்பு உள்ளாடை வாங்க வருகிற பாட்டிகள் அங்கே கருத்தோடுதான் நிற்பார்கள். வெயில் என்றால் சைத்தாமா மாநிலத்தின் குமகாயா. 2018 ஜூலை 23இல் 41.1 டிகிரி அடித்து நாட்டுச் சாதனை படைத்த ஊர். அங்கே ஒரு பல்பொருள் அங்காடி வாசலில் ராட்சத வெப்பமானி ஒன்று இருந்தது. அதன் அருகில் நின்று "சூடா இருக்கு" என்று சொல்ல ஒருவர் கிடைத்தால் போதும், அன்றைய செய்தி முடிந்தது. 2025 ஆகஸ்டில் பக்கத்து மாநிலத்து இசேசாகி 41.8 தொட்டு முந்திவிட்டது, பாவம்.

ஆனால் வரி, விலைவாசி, அரசியல் என்று வந்துவிட்டால் ஷிம்பாஷிக்குப் போட்டியே இல்லை. சுற்றிலும் அலுவலகங்கள். ரயில் பாலத்துச் செங்கல் வளைவுகளுக்கு அடியில் கோழிக்கறி சுடுகிற புகை. எதிரிலுள்ள நியூ ஷிம்பாஷி கட்டடத்தில் புல்லட் ரயில் டிக்கெட்டைச் சில நூறு யென் குறைத்து விற்கும் கடைகள். இன்னொரு காரணத்தை யாரும் சொல்வதில்லை: பெரிய டிவி நிலையங்களில் ஒன்றான நிப்பான் டிவி பக்கத்து ஷியோதோமேயிலேயே இருக்கிறது. ஆக, நாட்டின் மனநிலை என்பது, டிவி நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இரண்டு பீர் முடித்திருக்கும் ஒருவரின் மனநிலை.

நம்மவர் சரித்திரத்தை வரி விகிதத்தால் நினைவு வைத்திருப்பவர். நுகர்வு வரி 3 சதவீதமாக வந்தபோது, 1989இல், கல்லூரி மாணவர். 1997இல் 5 ஆனபோது கல்யாணம். 2014இல் 8 ஆனபோது வீட்டுக் கடன். 2019இல் 10 ஆனபோது கால் பெருவிரலில் கௌட். பீரைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். நம்மவர் அரசாங்கத்தைக் குறை சொன்னார்.

அந்த 10 சதவீதத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போனால் 8தான். கடைக்குள் உட்கார்ந்து சாப்பிட்டால் 10. மழை நாளில் ஒரு கன்வீனியன்ஸ் கடை வாசலில், கூரையின் நுனியில், பாதி நனைந்தபடி பொரித்த கோழி தின்றுகொண்டிருக்கும் சூட் போட்ட பெரியவரைப் பார்த்தால் பரிதாபப்பட வேண்டாம். 2 சதவீதத்தை அரசாங்கத்துக்குக் கொடுக்காமல் அவர் போர் தொடுத்துக்கொண்டிருக்கிறார். 2023இல் அப்போதைய பிரதமர் கிஷிதாவுக்கு "வரி ஏற்றும் கண்ணாடி" என்று பட்டப்பெயர் விழுந்து நாடே சிரித்தது. அந்த ஆண்டின் எழுத்தாக கியோத்தோவின் கியோமிசு கோயில் தலைமைத் துறவி எழுதியதும் "வரி" என்ற எழுத்துதான். அந்தப் பட்டப்பெயரை முதலில் வைத்தது தான்தான் என்று நம்மவர் சாதிப்பார். திடலில் அப்படிச் சாதிக்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அவரைப் புரிந்துகொள்ள அவருடைய பர்ஸைத் திறந்து பார்க்க வேண்டும். சம்பளம் நேராக வங்கிக்குப் போகிறது. வங்கி அட்டை மனைவியிடம். மாதம் பிறந்தால் அம்மையார் எண்ணிக் கொடுப்பது கைச்செலவுப் பணம். ஜப்பான் ஆண் ஊழியர்களின் இந்தக் கைச்செலவு சராசரியாக 40,000 யென் வாக்கில் நிற்கிறது. 1979இலிருந்து இதைக் கணக்கெடுத்து வெளியிடும் ஒரு வங்கி ஆய்வே இருக்கிறது என்றால் பாருங்கள். மதியச் சாப்பாடு, முடிவெட்டு, மாலை பீர், கீழே வேலை செய்கிறவனுக்கு வாங்கிக் கொடுக்கிற பீர் எல்லாம் அதற்குள். உலகச் செய்தி எதுவானாலும் அந்தப் பர்ஸுக்குள் புகுந்துதான் கருத்தாக வெளியே வரும்.

2024இல் ஒரு டாலரின் விலை 160 யென்னைத் தாண்டியபோது ஸ்டூடியோப் பேராசிரியர்கள் வட்டி விகித இடைவெளி என்று வரைபடம் போட்டார்கள். நம்மவர் ஒரே வரியில் முடித்தார்: "மத்தியானச் சாப்பாட்டுல இறைச்சித் துண்டு சின்னதாயிடுச்சு." எனக்கென்னவோ பேராசிரியரைவிட இவர் சொன்னதுதான் விளங்கியது.

அவருக்கு ஒரு பொற்காலம் உண்டு. 2001. யோஷினோயா கடையில் மாட்டிறைச்சிச் சோறு ஒரு கிண்ணம் 280 யென்னுக்கு இறங்கிய வருஷம். பொருளாதார அறிஞர்கள் அந்தக் காலத்தைப் பணவாட்டம், வீணாய்ப்போன பத்தாண்டு என்று சொல்லித் தலையில் கைவைப்பார்கள். நம்மவர் அதைச் சொல்லும்போது கண் கலங்கும். அதேபோல 2016. காரிகாரிகுன் என்ற குச்சி ஐஸின் விலை 60 யென்னிலிருந்து 70 ஆனது. கால் நூற்றாண்டாக ஏற்றாத விலை. கம்பெனி என்ன செய்தது? நிர்வாகிகளும் ஊழியர்களும் வரிசையாக நின்று தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்கிறாற்போல் டிவியில் விளம்பரம் போட்டது. நம்மவர் அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டார். "பத்து யென்னுக்குக் குனிஞ்ச மந்திரி யாராவது உண்டா, சொல்லுங்க" என்று இன்றைக்கும் கேட்பார். 2024இல் அது 80 ஆனபோது என்ன சொன்னார் என்றால், இவர்கள் குனிந்ததை நாம் மறந்துவிடக் கூடாது என்றார்.

பீர் வரியைப் பற்றி மட்டும் அவரிடம் வாய் கொடுக்கக் கூடாது. மால்ட் அதிகம் இருந்தால் பீர், வரி கூட. மால்ட் குறைந்தால் ஹப்போஷு, வரி குறைவு. மால்ட்டே இல்லாமல் பட்டாணிப் புரதத்தில் காய்ச்சினால் மூன்றாம் ரகம், 2023 வரை இன்னும் குறைவு. வரி ஒரு படி ஏற, கம்பெனி மால்ட்டில் ஒரு படி இறங்க, இருவருக்கும் நடுவில் நம்மவரின் நாக்கு. 2026 அக்டோபரில் மூன்றுக்கும் ஒரே வரி என்று சட்டம். அதாவது அசல் பீருக்கு வரி இறங்கும். அவர் வீட்டில் குடிக்கிற ரகத்துக்கு ஏறும். கடையில் நாலு பேர் முன்னால் அசல் பீர் குடிப்பவராகவும் வீட்டில் தனியே மலிவு ரகம் குடிப்பவராகவும் இருப்பதால், இந்தச் சட்டத்தை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்பது அவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

பெரிய விஷயங்களில் அவர் நிதானஸ்தர். அரசியல் சாசனத் திருத்தமா, அணுமின் நிலையமா? கழுத்து ஒரு பக்கம் சாயும், பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சுவார், "கஷ்டமான பிரச்சினைதான்..." என்று இழுப்பார். இழுத்த இழுப்பில் கேள்வி கேட்ட பெண் அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவாள். ஆனால் நாலு பேருக்குப் பொதுவான தட்டில் இருக்கும் பொரித்த கோழி மேல் யாரையும் கேட்காமல் எலுமிச்சம்பழம் பிழிகிறவனைப் பற்றிக் கேளுங்கள். இழுப்பு கிடையாது, சாய்வு கிடையாது. அப்படிப்பட்டவன் உருப்பட மாட்டான். அவ்வளவுதான்.

பக்கத்தில் எப்போதும் ஓர் இளைஞன் நிற்பான். அலுவலகத்தில் இவருக்குக் கீழே வேலை செய்பவன். "அப்படித்தான், காச்சோ", "சரியாச் சொன்னீங்க, காச்சோ" என்று பிரிவுத் தலைவருக்கு உரிய மரியாதையோடு தலையாட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் போனைப் பார்ப்பான். அதே காச்சோ மறுநாள் காலை பத்து மணிக் கூட்டத்தில் பேசுவதை அவன் ஒருநாளும் கேட்டதில்லை. அங்கே அவர் "மேலிடம் என்ன நினைக்கிறாங்களோ அதுதான்" என்பதோடு சரி. உள்ளே அடக்கிய பத்து மணிதான் சாயங்காலம் மைக்கைப் பார்த்தவுடன் உடைப்பெடுக்கிறது.

2017 பிப்ரவரியில் அரசாங்கமும் பெரிய தொழிலதிபர்களின் சங்கமும் சேர்ந்து பிரீமியம் ஃப்ரைடே என்று ஒன்று கொண்டுவந்தார்கள். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே வேலையை விட்டுப் போகலாம். வெளியே போய்ச் செலவு செய்யுங்கள் என்று யோசனை. மைக் ஷிம்பாஷிக்கு வந்தது. நம்மவர் நெற்றியைச் சுருக்கினார்: "மூணு மணிக்கு விட்டா எங்கே போறது? கடை அஞ்சு மணிக்குத்தானே திறப்பான். வீட்டுக்குப் போனா என்ன ஆச்சு, வேலை போயிடுச்சான்னு கேப்பாங்க." அந்தத் திட்டம் மெல்ல மெல்ல மறைந்துபோனதற்கு அறிக்கைகள் பல காரணம் சொல்கின்றன. இந்த இரண்டு வாக்கியத்துக்கு மேல் தேவையில்லை.

வெளிநாட்டுப் பயணிகள் பற்றியும் அவரிடம் கடுமையான கருத்து இருக்கிறது. 2024 மே மாதம் ஃபுஜிகாவாகுச்சிகோ என்ற ஊரில் லாசன் கடைக்குப் பின்னால் ஃபுஜி மலை தெரிகிறாற்போல் படமெடுக்கக் கூட்டம் சாலையை அடைத்ததால், ஊராட்சி கறுப்புத் திரையே கட்டியது. "சரியான காரியம்" என்றார் நம்மவர். ஒசாகாவுக்கு வேலையாகப் போனால் கம்பெனி கொடுக்கிற படிக்கு அறை கிடைப்பதில்லை, எல்லாம் இவர்களால்தான் என்று மைக் முன்னால் கைவிரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டார். மைக் நகர்ந்தது. முதுகுப்பை மாட்டிய வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று போனை நீட்டி அசகுசாவுக்கு எந்த ரயில் என்று கேட்டது. கையைக் காட்டிச் சொல்லியிருக்கலாம். நம்மவருக்கு இங்கிலீஷ் போதவில்லை, மனசும் கேட்கவில்லை. "ஓகே, ஓகே" என்று முன்னால் நடந்து, கின்சா சுரங்க ரயில் வாசல் வரை கொண்டுபோய் விட்டு, டிக்கெட் இயந்திரத்தில் பொத்தானை அழுத்திக் கொடுத்து, அவர்கள் உள்ளே போகும்வரை தலை குனிந்தபடி நின்றார். அதற்குள் அவர் வழக்கமாகப் பிடிக்கும் ரயில் போய்விட்டது. இதை எந்த டிவியும் காட்டவில்லை.

டிவி காட்டுவது நாலு விநாடி. பத்து நிமிஷம் பேசியிருப்பார். ஓய்வூதியம், மகனின் சம்பளம், மாமியாரின் முழங்கால் எல்லாம் வந்திருக்கும். ஒளிபரப்பில் "தாங்க முடியலைங்க" மட்டும் மஞ்சள் எழுத்தில் பெரிசாக வரும். திரை மூலையில் சின்னக் கட்டம் ஒன்றில் யாரோ ஒரு நடிகை கவலையோடு தலையாட்டிக்கொண்டிருப்பார்.

அப்படித்தான் 2025 மே மாதத்தில் மாட்டிக்கொண்டார். ஒரு வருஷத்துக்குள் ஐந்து கிலோ அரிசி 2,000 யென் வாக்கிலிருந்து 4,000க்கு மேல் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து விவசாய மந்திரி எத்தோ, தான் அரிசி வாங்கியதே கிடையாது, ஆதரவாளர்கள் நிறையக் கொடுக்கிறார்கள், விற்கிற அளவுக்கு வீட்டில் கிடக்கிறது என்று மேடையில் பேசிவைத்தார். சில நாளில் பதவி போயிற்று. புதிதாக வந்த கொய்சுமி அரசுக் கையிருப்பைத் திறந்துவிட, வருஷக்கணக்கில் கிடங்கில் கிடந்த பழைய அரிசியை 2,000 யென்னுக்கு வாங்க ஜனங்கள் விடியற்காலையில் வரிசையில் நின்றார்கள். மந்திரி விலகிய அன்று நம்மவர் எஞ்சின் எதிரில் முழங்கினார்: "அரிசி வாங்கத் தெரியாத ஆளுக்கு ஜனங்க கஷ்டம் எப்படிங்க தெரியும்?" முழு வாக்கியமும் ஒளிபரப்பாயிற்று. ஏழு விநாடி, அவருடைய வாழ்நாள் சாதனை.

வீட்டில் அம்மையார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நம்மவர் காலணியைக் கழற்றி வாசலில் திருப்பி வைத்து உள்ளே வரும்வரை காத்திருந்தார்.

"நல்லாப் பேசினீங்க."

"பாத்தியா?"

"பாத்தேன். நம்ம வீட்டுக்கு எந்த ரக அரிசி வாங்கறேன், சொல்லுங்க."

கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. பல்லிடுக்கில் காற்று போயிற்று.

"நீங்க கடைசியா அரிசி வாங்கினது எப்போ?"

பதில் இல்லை. அடுத்த மாதத்திலிருந்து கைச்செலவில் 3,000 யென் குறைந்தது. அரிசிக் கணக்கு என்று அம்மையார் சொன்னார். விலை இறங்கினால் திரும்பத் தருவதாகப் பேச்சு. நம்மவருக்கு நெல் சாகுபடிக் கொள்கையில் ஆழ்ந்த அக்கறை பிறந்தது அதற்குப் பிறகுதான். சாகுபடிப் பரப்பை அரை நூற்றாண்டாகக் குறைக்கச் சொல்லிவந்தது யார், 2018இல் அந்த ஒதுக்கீட்டை நிறுத்தியும் விவசாயி ஏன் மறுபடி நடவில்லை, நாற்று நடுகிற கிழவருக்குப் பிறகு வயலில் யார் இறங்குவது என்றெல்லாம் இப்போது கோழிக்கறிக் கடையில் பேசுகிறார். நன்றாகவே பேசுகிறார். மைக் முன்னால் சொன்னதில்லை, யாரும் கேட்கவில்லை.

அந்த அக்டோபரில் மறுபடி மைக் வந்தது. ஆளும் கட்சிக்குத் தக்காயிச்சி சனாயே தலைவராகி, நாட்டின் முதல் பெண் பிரதமராகப் போகிற நேரம். வெற்றி பெற்ற நாளில் அந்த அம்மாள், வாழ்க்கை வேலை சமநிலை என்ற பேச்சையே தாம் தூக்கியெறிவதாகவும், உழைப்பேன், உழைப்பேன் என்று ஐந்து தடவை அடுக்கியும் பேசியிருந்தார். நாடு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. அலுவலகத்துக்கு ஏற்ற பேச்சா, கெட்ட முன்னுதாரணமா? இரண்டு மைக், மூன்று கேமரா. இளைஞன் போனை உள்ளே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றான். நம்மவர் டையைச் சற்று இறுக்கிக்கொண்டார், வீட்டில் பார்ப்பார்களே.

"அஞ்சு தடவையா சொன்னாங்க?"

"ஆமாங்க, அஞ்சு தடவை."

"எங்க ஆபீஸ்ல மூணோட நிறுத்திக்குவாங்க."