கதவிடைத் தூரம்: துபாய்க் கோடையை அளக்கும் முறை குறித்து ஓர் ஆய்வு

வெப்பத்தை அளக்கப் பாதரசத்தை நம்பிய அறிஞர் பெருமக்களில் எவரும் ஆகஸ்ட் மாதத்தில் துபாய்க்குச் சுற்றுலா போனவர் அல்லர். போயிருந்தால் செல்சியஸ் என்றும் ஃபாரன்ஹீட் என்றும் இரண்டு கட்சி கட்டியிருக்க மாட்டார்கள். இரண்டையும் மூட்டைகட்டி வைத்துவிட்டு அளவுநாடாவைக் கையில் எடுத்திருப்பார்கள். ஜூலை, ஆகஸ்டில் அந்நகரின் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். இரவானாலும் 30க்குக் கீழே இறங்க அதற்கு மனம் வராது. இந்த எண்களைக் கேட்டு மிரண்ட பயணிகள் நவம்பர் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். விடுதிகளோ வாடகையைக் குறைத்துவிட்டுப் பயணிகளுக்காகக் காத்திருக்கின்றன. இரு சாராரும் தவறான அளவையை வைத்துக்கொண்டு தவிக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் துணிபு. துபாய்க் கோடையில் ஒரு பயணிக்கு எவ்வளவு சுடும் என்பதைத் தீர்மானிப்பது டிகிரி அன்று. ஒரு கதவை விட்டு வெளியே வந்து அடுத்த கதவுக்குள் புகும்வரை அவர் நடக்கும் மீட்டர். இதைக் கதவிடைத் தூரம் என்று வழங்குவோம்.

சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. 2009 செப்டம்பர் 9 அன்று ஓடத் தொடங்கிய துபாய் மெட்ரோவில் நடைமேடைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே கண்ணாடிக் கதவுகள் உண்டு. ரயில் வந்து நின்றால்தான் திறக்கும். பேருந்து நிறுத்தங்கள் பலவற்றுக்குக்கூடக் கதவும் குளிர்சாதனமும் இருக்கின்றன. பேருந்து நிறுத்தத்துக்குக் கதவு போட்ட நாகரிகத்தை வெப்பமானியால் புரிந்துகொள்ள முடியாது. புர்ஜ் கலீஃபா, துபாய் மால் என்ற இரண்டு பெயரையும் சுமக்கும் மெட்ரோ நிலையத்திலிருந்து மாலுக்குப் போகும் மூடிய நடைபாலம் எண்ணூறு மீட்டருக்கு மேல் நீளம். 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீஃபா கோபுரத்தையே பக்கத்தில் படுக்கப் போட்டாற்போல. அவ்வளவு தூரமும் குளிர்தான். விமான நிலையத்தில் இறங்கி, மெட்ரோ ஏறி, இப்பாலம் வழியாக மாலுக்குள் புகுந்து, பொருள் வாங்கி, வந்த வழியே திரும்பிவிடும் ஒருவருக்குக் கதவிடைத் தூரம் ஏறக்குறையப் பூஜ்யம். அவர் பாலைவன நாட்டுக்குப் போய்வந்தார் என்பதற்குக் கடவுச்சீட்டில் விழுந்த முத்திரை தவிர வேறு ஆதாரமில்லை. அவருக்கு வரக்கூடிய நோய் வெப்பத்தாக்கு அன்று, ஜலதோஷம். 2005இல் மால் ஆஃப் தி எமிரேட்ஸில் திறந்த ஸ்கீ துபாயில் பூஜ்யத்துக்கும் கீழான குளிர். பனிச்சரிவும் பென்குவின்களும் உண்டு. அங்கேயாவது உள்ளே போகிறவர்களுக்குக் கனத்த மேலங்கி கொடுக்கிறார்கள். சாதாரணத் திரையரங்கில் அதுவும் கிடைப்பதில்லை.

மூக்குக்கண்ணாடி அணிந்தவர்கள் இத்துறைக்கு வாய்த்த நுண்கருவிகள். அவர்கள் வெளியே கால் வைத்த மறுகணம் கண்ணாடி வெளேரென்று பூத்துவிடும். கதவுக்கு உள்ளே சில்லிட்டுப்போன கண்ணாடி, வெளியே கடலோரத்து ஈரக்காற்று. நின்று துடைக்கும் இடத்திலேயே சில மீட்டர் கணக்கில் ஏறிவிடுகிறது. இதைவிட வலுவான சான்று குளியலறையில் இருக்கிறது. மொட்டைமாடித் தொட்டியில் கிடக்கும் தண்ணீர் பகலெல்லாம் காய்வதால், கோடையில் பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கொதிக்கக் கொதிக்க வரும். ஆகவே வளைகுடாவில் குடும்பம் நடத்துகிறவர்கள் ஜூன் மாதமே கீசரை அணைத்துவிடுவார்கள். குளிரூட்டிய வீட்டுக்குள் இருக்கும் கீசர்த் தொட்டியில் தேங்கும் நீர் மெல்ல ஆறிக்கிடக்கும். குளிர்ந்த நீர் வேண்டுமானால் வெந்நீர்க் குழாயைத் திறக்க வேண்டும். இதை அறியாத விருந்தாளி சிவப்புக் குறியைக் கண்டு அஞ்சி நீலக் குறியைத் திருகி அலறுகிறார். தண்ணீருக்கும் விதி ஒன்றே: அது கதவுக்கு எந்தப் பக்கம் இருந்தது?

அற்றேல், கதவே இல்லாத காலத்தில் அங்கே மனிதர் வாழவில்லையோ எனின், வாழ்ந்தனர். அதுவும் நம் கொள்கைக்கே துணை. அல் ஃபஹீதி பகுதியின் பழைய வீடுகளில் நிற்கும் பர்ஜீல் என்னும் காற்றுக் கோபுரங்கள் மேலே வீசும் காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்கின. சந்துகளைக் குறுக்கிக் கட்டியதால் ஒரு வீட்டு நிழல் எதிர்வீட்டுச் சுவரைத் தொட்டது. கதவிடைத் தூரத்தைக் குறைக்கும் கலையை மின்சாரத்துக்கு முன்பே கண்டவர்கள் அவர்கள். இன்னொன்றும் இங்கே சொல்லத்தக்கது. கோடை மந்தமான பருவம் என்பதே சுற்றுலாக்காரர் கற்பித்த செய்தி. முத்துக்குளிப்பின் பெரும்பருவம் ஏறக்குறைய ஜூன் முதல் செப்டம்பர் வரை. ஆண்கள் கடலில் இருந்தார்கள். பேரீச்சை பழுப்பதும் அதே வெயிலில்தான். குடும்பங்கள் லிவா போன்ற சோலைகளை நாடின. ஆண்டிலேயே ஓயாத வேலை நடந்த காலம் அது. 1930களில் ஜப்பானிய வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து அந்தத் தொழிலை முறித்த பிறகே கோடைக்கு இந்த ஓய்வு வந்து சேர்ந்தது. ஆகஸ்டு கடைசி வாரத்தில் விடியலுக்கு முன் சுஹைல் விண்மீன் எழுந்தால் வெயில் தணியும் என்று அரபுப் பெரியவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அது நம் அகத்தியர் விண்மீனேதான். தெற்கே வந்து உலகைச் சமன்செய்த முனிவருக்கு வளைகுடாவிலும் ஒரு வேலை இருப்பது நமக்குப் பெருமை.

கதவுக்குள்ளேயே கிடப்பதற்குத் துபாய் எதற்கு, உள்ளூர் மால் போதாதா என்று கேட்பாரும் உளர். நியாயமான கேள்வி, விடை பணப்பையில் இருக்கிறது. நம் ஊரில் ஆடி மாதம் செய்கிற வேலையை அங்கே 1998 முதல் துபாய் சம்மர் சர்ப்ரைசஸ் என்ற தள்ளுபடித் திருவிழா செய்துவருகிறது. வரிசைகள் குறுகும். விமானக் கட்டணத்தில் மட்டும் சூட்சுமம் உண்டு: பள்ளி விடுமுறைக்கு அங்குள்ள நம்மவர்கள் ஜூலைத் தொடக்கத்தில் ஊருக்குப் புறப்படுகிறார்கள், ஆகஸ்டு கடைசியில் திரும்புகிறார்கள். பயணி அவர்களுக்கு எதிர்த்திசையில் போய்வர வேண்டும். கூட்டத்தோடு சேர்ந்து ஆகஸ்டு இறுதியில் துபாய்க்குப் பறக்கிறவர் அறை வாடகையில் மிச்சம் பிடித்ததை விமானத்தில் விட்டுவிடுவார். மணல்மேடு, ஒட்டகம் என்று ஆசைப்படுவோர் விடியலுக்கு முன் போய் வெயில் ஏறுமுன் திரும்பலாம். அதற்கு மேல் அதில் ஆய்வு இல்லை. கடலில் இறங்கினால் தீருமே என்பதும் செல்லாது, கடல்நீரே 30 டிகிரிக்கு மேல். அரசு 2023இல் இரவுக் குளியலுக்கென்று ஜுமேரா பக்கம் விளக்குப் போட்ட கடற்கரைகளைத் திறந்தது. இரவில் சூரியன் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கதவும் இல்லை.

கடுமையான தடை ஒன்று எஞ்சியிருக்கிறது. அந்தக் கதவுகளைப் பொருத்தியவர் யார், அவருடைய கதவிடைத் தூரம் எவ்வளவு? ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை நேர் வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். மீறினால் ஓர் ஆளுக்கு 5,000 திர்ஹாம் அபராதம். டிகிரியை ஒதுக்கிவைத்து மணியையும் வெயிலையும் பிடித்துக்கொண்ட இச்சட்டம் நம் கொள்கைக்கு அரசாங்கமே தந்த சான்று. ஆனால் 12.29க்கும் 3.01க்கும் வெயில் எங்கும் போய்விடுவதில்லை. இங்கே இத்துறையின் அடிப்படை விதியைக் கூறியாக வேண்டும்: கதவிடைத் தூரம் அழிவதில்லை, கைமாறுகிறது. அறைக்குள்ளிருந்து வெளியேற்றிய வெப்பம் குளிர்சாதனத்தின் பின்பக்கம் வழியாகத் தெருவுக்குத்தான் போகிறது. தெருவில் நிற்பவர் கணக்கில் அது ஏறுகிறது. அறையில் படுத்தபடி கைப்பேசியில் பிரியாணி வரவழைக்கும் பயணி தன் கதவிடைத் தூரத்தைப் பூஜ்யமாக்கியதாக நினைக்கிறார். அவருக்குரிய மீட்டர் முழுவதையும் மோட்டார்சைக்கிளில் வரும் இளைஞர் ஓட்டித் தீர்க்கிறார், தலைக்கவசத்துடன். அவரைப் போன்றவர்களுக்கென்று குளிரூட்டிய ஓய்வறைகளை அங்கங்கே அரசு கட்டியிருக்கிறது, நல்ல காரியம். ஆனால் அவர் ஓய்வறையில் உட்கார்ந்திருந்தால் பிரியாணி வராது. பிரியாணி வந்தால் அவர் உட்காரவில்லை என்று பொருள்.

ஆகவே மந்தமான பருவத்தில் துபாய் போக நினைப்பவர் தாராளமாகப் போகலாம். மெட்ரோ நிலையத்தை ஒட்டிய விடுதியாகப் பாருங்கள். மறக்காமல் ஒரு ஸ்வெட்டர் எடுத்துவையுங்கள். மதியச் சாப்பாட்டை மட்டும் அறைக்கு வரவழைக்காதீர்கள். கீழே இறங்கிப் போய்ச் சாப்பிடுங்கள், அந்த நாற்பது மீட்டர் உங்களுடையது.