என்னம்மா முகத்துல?

பினாங்கில் தமிழர் இருவர் சந்தித்தால் முதல் கேள்வி "பசியாறியாச்சா?" என்பதுதான். மாலை ஆறு மணியானாலும் அதுதான். அதற்குப் பிறகே பிள்ளைகள் படிப்பு, முட்டி வலி, தங்கத்தின் விலை. இந்த ஒழுங்கு ஒரே ஓர் இடத்தில் உடையும். எதிரே வருகிறவரின் கன்னத்தில் ஒரு பரு இருந்தால் போதும். அவர் பசியாறினாரா, மூன்று நாள் பட்டினியா என்பது யாருக்கும் தேவையில்லை. "என்னம்மா முகத்துல?"

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் சிலர் இருக்கிறார்கள். லெபு பாசாரில் பாத்திரக் கடை வாசலில் ஒருவர், லெபு குயினில் கோயிலுக்குப் போகும் வழியில் ஒருவர், பூக்கடைக்குள் நிரந்தரமாக ஒருவர். அவர்களைப் பொதுவாகப் பெரியம்மா என்று வைத்துக்கொள்வோம். ஆண்களிலும் உண்டு. ஆனால் ஆண் பெரியம்மாக்களிடம் கைவசம் இருப்பது ஒரே மருந்து: "கல்யாணம் பண்ணி வைங்க, சரியாயிடும்." பதினேழு வயதுப் பிள்ளைக்கும் அதுதான், இரண்டு குழந்தை பெற்றவளுக்குப் பரு வந்தாலும் அதுதான். அவர்களை விட்டுவிடுவோம்.

பெரியம்மா அப்படி மேலோட்டமானவர் அல்லர். முறையாகப் பரிசோதிப்பார். என் தங்கச்சி மகள் இந்த வருடம் எஸ்.பி.எம். பரீட்சை எழுதுகிறாள். ஒரு வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் பூ வாங்க நின்றோம். பெரியம்மா தொடுத்துக்கொண்டிருந்த மல்லிகையை அப்படியே மடியில் போட்டார். எழுந்தார். அவள் முகவாயை இரண்டு விரலால் பிடித்து, தேங்காய் முற்றலா என்று பார்ப்பதுபோல வெயில் பக்கம் திருப்பினார். இடது கன்னம். வலது கன்னம். பிறகு நெற்றி முடியை விலக்கி அங்கேயும். அந்த விரல்களில் வாழைநார் ஈரமும் மல்லிகை வாசமும் இருந்தன. அதே விரலால்தான் சற்று முன் சில்லறை எண்ணிக் கொடுத்திருந்தார். எதிர்க்கடை ஒலிபெருக்கியில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அதையும் மீறித் தெருவுக்கே கேட்கும்படி தீர்ப்பு வந்தது.

"சூடு."

1833இல் எழும்பிய அந்தக் கோயில் இந்தத் தீர்ப்பை எத்தனை தலைமுறைக்குக் கேட்டிருக்குமோ. பெரியம்மாவின் மருத்துவத்தில் நோய் ஒன்றுதான், சூடு. இரவில் கண் விழிப்பது சூடு, கைப்பேசி சூடு, கோழி சூடு, முட்டை சூடு, மாம்பழம் சூடு, பரீட்சை சூடு. இதில் அவர் தனி ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியும் பருவைக் கண்டால் "ஹீட்டி லா" என்று சொல்லி ஒரு கிண்ணம் லியாங் தே கொண்டுவந்து தருவார். கறுப்பாக, கசப்பாக, கஷாயத்துக்கு உறவுமுறையாக இருக்கும். அடுத்த மாடியில் இருக்கும் மலாய் அம்மா தருவது பெடாக் செஜுக். பெயரிலேயே குளிர்ச்சி இருக்கிறது. அரிசியை நாள்கணக்கில் ஊறப்போட்டுப் புளிக்கவைத்து, அரைத்து, பாண்டான் இலை வாசம் சேர்த்து, துணியில் சொட்டுச் சொட்டாக விட்டுக் காயவைத்த சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டு. நாலைந்தை உள்ளங்கையில் போட்டுத் தண்ணீர் விட்டால் குழைந்துவிடும். மூன்று இனமும் வாக்கெடுப்பு இல்லாமல் ஒத்துப்போகும் விஷயம் இந்த நாட்டில் இது ஒன்றாவது இருக்கிறதே என்று எனக்கு நிம்மதிதான்.

பெரியம்மாவின் மருந்துப் பட்டியல் அன்றைக்கே வந்தது. சங்கை இழைத்துப் போடு. ஜாதிக்காயைப் பாலில் இழைத்துப் போடு. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போடு. அவசரமென்றால் பற்பசை. வைத்தீஸ்வரன் கோயிலுக்கு உப்பும் மிளகும் நேர்ந்துகொள். இங்கேயிருந்து யாராவது ஊருக்குப் போனால் கொடுத்தனுப்பலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தலைக்கு நன்றாக எண்ணெய் வை, நெற்றியில் வழிகிற மாதிரி.

கடைசியாகச் சொன்னதில்தான் கோளாறு. மயிர்க்கால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. பருவ வயதில் ஹார்மோன் தூண்ட, அது அளவுக்கு மீறிச் சுரக்கிறது. உதிர வேண்டிய தோல் செல்கள் உதிராமல் துளையின் வாயை அடைக்கின்றன. அடைபட்ட எண்ணெயில் நம்மோடு எப்போதும் குடியிருக்கிற பாக்டீரியா பெருகுகிறது. உடம்பு அதோடு சண்டை போடுகிறது. சிவப்பு, வீக்கம், சீழ். உள்ளேயே எண்ணெய் தேங்கித் தவிக்கும்போது வெளியிலிருந்தும் ஊற்றினால் நெற்றி ஓரமாக வரிசையாகப் பரு கிளம்பும். பெரியம்மா சொன்னபடி எண்ணெய் வைத்த பத்தாவது நாள் தங்கச்சி மகளுக்குக் கிளம்பியது. "பாத்தியா, உள்ள இருந்த சூடெல்லாம் வெளிய வருது" என்றார் பெரியம்மா. அவர் மருத்துவம் தோற்கவே முடியாதது. மருத்துவக் கல்லூரியில் இதைச் சொல்லித் தருவதில்லை.

மூக்கின் மேல் இருக்கும் கரும்புள்ளிகளை அவர் அழுக்கு என்பார். "தேய்ச்சுக் கழுவுடி." அது அழுக்கு இல்லை. துளைக்குள் அடைபட்டது காற்றுப் பட்டுக் கறுத்திருக்கிறது, அவ்வளவுதான். பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்தால் மூக்குதான் கன்றும். பற்பசை தோலைப் பொசுக்கும். இதையெல்லாம் தங்கச்சி மகள் என்னிடம் சொன்னாள். பெரியம்மாவிடம் சொல்ல அவளுக்கும் துணிச்சலில்லை, எனக்கும் இல்லை.

சாப்பாட்டு விஷயத்தில் பெரியம்மாவை லேசாக எடைபோடக் கூடாது. சாக்லேட் வேண்டாம் என்பார். 1969இல் அமெரிக்க மருத்துவர்கள் 65 பேருக்குத் தினமும் சாக்லேட் கொடுத்துப் பார்த்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, கொக்கோ இல்லாத இன்னொரு மிட்டாய். பருவில் வித்தியாசம் இல்லை, ஆகவே சாக்லேட் நிரபராதி என்று எழுதினார்கள். அந்த இன்னொரு மிட்டாயிலும் ஏறக்குறைய அதே அளவு சர்க்கரையும் கொழுப்பும் இருந்தன என்பதைப் பின்னால் பலர் எடுத்துக்காட்டினார்கள். திருடனையும் அவன் தம்பியையும் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு பேரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள், ஆகவே அண்ணன் நல்லவன் என்று சொன்ன கதை. பெரியம்மாவாக இருந்தால் அங்கேயே கேட்டிருப்பார். ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் உணவும், பாலும் சிலருக்குப் பருவைக் கூட்டலாம் என்றுதான் இன்று சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் மாட்ட வேண்டியது கோழியோ மாம்பழமோ அல்ல. கெட்டிப்பால் ஊற்றி ஆற்றிய தே தாரிக். பெரியம்மா அதை மட்டும் சூட்டுப் பட்டியலில் சேர்க்கவில்லை. நாளைக்கு நான்கு குடிக்கிறார்.

ஒரு விஷயத்தில் அவருக்கு நான் பெரிய கும்பிடு போடுவேன். பள்ளித் தோழி ஒருத்தி பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய ஒரு க்ரீமைத் தங்கச்சி மகளிடம் கொடுத்திருந்தாள். மூடியில் ஒரு பளபளப்பான முகம், அடியில் எந்த விவரமும் இல்லை. ஏழு நாளில் பரு போகும், நிறமும் வரும் என்று வாக்குறுதி. பெரியம்மா அதை மோந்து பார்த்தார். "ஒரு வாரத்துல வெளுக்குறதுக்கு இது என்ன மொகமா, சுவரா? தூக்கிப் போடு." சுகாதார அமைச்சு இப்படிப்பட்ட பூச்சுகளைச் சோதித்துப் பார்த்து, பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் பெட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கலந்திருப்பதாகப் பெயர் போட்டு அவ்வப்போது எச்சரிக்கை வெளியிடுகிறது. ஸ்டீராய்டு போட்டால் முகம் முதலில் கண்ணாடி மாதிரி ஆகும். நிறுத்தினால் பரு படையெடுத்து வரும். இங்கே முறைப்படி விற்கும் அழகுப் பொருளுக்கு 'நாட்' (NOT) என்று தொடங்கும் எண் ஒன்று இருக்கும். அந்த டப்பாவில் அது இல்லை. பெரியம்மாவுக்கு எண்ணெல்லாம் தேவைப்படவில்லை. மூக்கே போதுமாக இருந்தது.

கடைசியில் அவளை அரசு கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப் போனேன். நம் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. காத்திருந்தது அரை நாள். மருத்துவர் முகவாயைப் பிடிக்கவில்லை, வெயிலுக்குத் திருப்பவில்லை. மென்மையான சோப்பால் ஒரு நாளைக்கு இரண்டு தரம் கழுவு, கிள்ளாதே என்றார். நம்முடையது மாதிரி மாநிறத் தோலில் பரு போனாலும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும், கிள்ளினால் இன்னும் நிற்கும், ஆகவே வெயிலுக்கு சன்ஸ்க்ரீன் போடு. இரவில் அடாபலீன் களிம்பு, பட்டாணி அளவு, பருவின் மேல் மட்டுமல்ல, முகம் முழுக்க. காலையில் பென்சாயில் பெராக்சைடு. "முதல் சில வாரம் தோல் காயும், உரியும். மூன்று மாதம் பொறுமையாகப் போடணும்" என்றார். பென்சாயில் பெராக்சைடு துணியின் சாயத்தைத் தின்றுவிடும் என்றும் சொன்னார். அதை மட்டும் யாரும் காதில் வாங்கவில்லை. தங்கச்சியின் நீலத் துண்டில் இப்போது ஆரஞ்சு நிறத்தில் ஒரு முகம் இருக்கிறது.

மூன்று மாதம் என்பதுதான் இந்த ஊரில் நடக்காத காரியம். அதற்குள் ஆளாளுக்கு ஒரு யோசனையோடு வந்துவிடுவார்கள். 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனைப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. பாரம்பரிய வட்டாரத்தில் ஒரு கடைவீட்டின் முகப்பை மாற்ற மாநகர் மன்றத்திடம் அனுமதி வாங்க வேண்டும். அதே தெருவில் நடந்து போகும் பிள்ளையின் முகத்தை மாற்றத் திட்டம் போட யாருக்கும் எந்த அனுமதியும் வேண்டியதில்லை. இரண்டாவது வாரம் தோல் உரிந்ததைப் பார்த்துவிட்டு, "டாக்டர் மருந்து முகத்தைத் தின்னுடுச்சு" என்று பெரியம்மா பூக்கடையிலிருந்தே அறிவித்தார். பாத்திரக் கடைப் பெரியம்மா கற்றாழை அனுப்பினார். சீனப் பாட்டி லியாங் தேயைக் கூட்டினார். தங்கச்சி மகள் எல்லோரிடமும் "சரிங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டு, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பட்டாணி அளவு பிதுக்கினாள். லியாங் தே பூந்தொட்டிக்குப் போனது.

பதின்மூன்றாவது வாரம் மறுபடி பூக்கடை. முகவாய் வெயிலுக்குத் திரும்பியது. இடது, வலது, நெற்றி. பெரியம்மா அக்கம்பக்கத்துக் கடைகளைப் பார்த்துச் சொன்னார்: "நான் சொன்ன சங்கு."

தங்கச்சி மகள் மறுத்துப் பேசவில்லை. "ஆமாங்க பெரியம்மா" என்றாள். மூன்று வெள்ளி மல்லிகைக்கு அன்றைக்கு ஒரு முழம் கூடுதலாக நறுக்கிக் கொடுத்தார்.