பன்றியார் தவறாமல் கள ஆய்வுக்கு வருகிறார்

அனுப்புநர்: ஒரு சம்சாரி, காரியாபட்டி வட்டாரம், விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்: மேன்மைமிகு தமிழ்நாடு அரசு அவர்கள். (எந்தத் துறை என்பதைத் தாங்களே பேசி முடிவு செய்துகொள்ளவும்.)

பொருள்: காட்டுப்பன்றி அவர்களின் அயராத களப்பணியைப் பாராட்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972. 2. காட்டுப்பன்றி தொடர்பான 2025 ஜனவரி அரசாணை. 3. தங்கள் அலுவலக மேசைகளில் எங்கேயோ இருக்கும் என் மனு.

பெருமதிப்பிற்குரிய அரசு அவர்களுக்கு,

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். அரசின் பாதுகாப்பில் இருப்பவர்களில் எங்கள் புஞ்சைக்கு நேரம் தவறாமல் வந்து கள ஆய்வு செய்கிறவர் ஒருவர்தான் இருக்கிறார். அவர் பன்றியார். விடுப்பு எடுப்பதில்லை. பயணப்படி கேட்பதில்லை. 'ஐயா மீட்டிங்கில் இருக்கார், நாளைக்கு வாங்க' என்ற பேச்சே அவரிடம் கிடையாது. ஊர் அடங்கியதும் குடும்பத்தோடு வருகிறார். மக்காச்சோளக் கதிர் பால் பிடித்திருக்கிறதா என்று தட்டையைச் சாய்த்துப் பார்க்கிறார். கடலை திரண்டுவிட்டதா என்று செடியை வேரோடு கிளறிப் பார்க்கிறார். இவ்வளவு ஆழமாக ஆய்வு செய்யும் அதிகாரியை எந்தத் துறையிலும் நாங்கள் கண்டதில்லை.

இந்தப் பாராட்டை எழுதத் தூண்டியது போன வாரம் நடந்த ஒரு சம்பவம். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். மின்விசிறி ஓடியது, அது போதும். பன்றியார் கடித்துத் துப்பிய கதிர்களை உரச்சாக்கில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். "பெரியவரே, தரை பாழாகுது, சாக்கை வெளிய வைங்க" என்றார்கள். வைத்தேன். "பன்றிதான் தின்னுச்சுன்னு என்ன ஆதாரம்? மாடு மேஞ்சிருக்கும்." குளம்புத் தடம் இருக்கிறது என்றேன். "அடுத்த தடவை அது வரும்போது கூட நின்னு ஒரு செல்ஃபி எடுத்துட்டு வாங்க." அறை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். மனுக் கொடுக்க வந்தவன் சிரிக்காமல் நின்றால் மரியாதைக் குறைவாகிவிடும் அல்லவா? வெளியே வந்தால் சாக்கைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். ஆதாரம் கேட்டவர்களே ஆதாரத்தையும் அப்புறப்படுத்திய வேகம் பாராட்டுக்குரியது.

1972ஆம் வருடத்துச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, நிலத்தில் நிற்கிற பயிரையும் சொத்து என்றே ஏற்கிறது. அதை நாசம் செய்யும் விலங்கை வேட்டையாட, தலைமை வனவிலங்குக் காப்பாளர் அனுமதி தரலாம் என்கிறது. டில்லியில் உட்கார்ந்து சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்த பயிர், மேசைக்கு இந்தப் பக்கம் சாக்கில் கொண்டுவந்து காட்டியபோது தெரியாமல் போய்விட்டது.

அடுத்து, தங்கள் அரசாணை. 2025 ஜனவரி 10 அன்று சட்டமன்றத்தில் அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி அறிவித்ததை ஊரே கூடி வரவேற்றோம். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியார் நின்றால் சுடக் கூடாது. ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் நின்றால் கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றைத் தாண்டிவிட்டால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். இனிமேல் பன்றியார் கள ஆய்வுக்குக் கிளம்பும்போது நாடாவைப் பிடித்து அளந்துகொண்டுதான் கிளம்ப வேண்டும்.

எங்களைப் பொறுத்தவரை அளவே தேவையில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. நாங்கள் வடகிழக்கு ஓரம். நாங்கள் அந்த மலையைப் பார்க்கவே பஸ் மாறிப் போக வேண்டும். ஆகவே மூன்று கிலோமீட்டர் கணக்கில் நாங்கள் அதிர்ஷ்டசாலிகள் என்று நினைத்தோம். அப்போதுதான் குழு என்று ஒன்று இருப்பது தெரிந்தது. ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், வனத்துறை ஊழியர் மூவரும் கூடிப் பரிந்துரைக்க வேண்டுமாம். நல்ல ஏற்பாடு. ஒரே ஒரு சிக்கல். எங்கள் மாவட்டம் உட்பட, 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியே முடிந்துவிட்டது. ஐந்தாம் தேதி தலைவர் வீட்டுக்குப் போனார், பத்தாம் தேதி அவரைக் குழுவில் போட்டீர்கள். அந்த நாற்காலியில் தனி அலுவலர் வந்து அமர்ந்தார். குழுவில் நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஒரே ஆளும் போய், மூன்று இடமும் அரசுக்கே வந்து சேர்ந்தது. பன்றியாரை நான்காவது உறுப்பினராகச் சேர்த்திருந்தால் கள அனுபவம் உள்ளவர் ஒருவராவது இருந்திருப்பார்.

மலையே இல்லாத ஊரில் அவர் எங்கே தங்குகிறார் என்று தாங்கள் கேட்கலாம். தங்கள் கண்மாயில்தான். தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் சீமைக் கருவேலம் நிற்கிறது. பகலில் அதற்குள் ஓய்வு, இரவில் ஆய்வு. அந்த மரத்தை அகற்றச் சொல்லி 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2022இல் அயல் தாவரங்களுக்கென்றே தாங்கள் ஒரு கொள்கை வெளியிட்டீர்கள். கொள்கை வந்த பிறகும் குடியிருப்பு காலியாகவில்லை. கண்மாய் ஒரு துறை, அதில் மரம் வெட்ட அனுமதி இன்னொரு துறை, பன்றி வனத்துறை, பயிர் வேளாண்மைத் துறை, பட்டா வருவாய்த் துறை. சம்சாரிக்கென்று மிச்சம் இருப்பது நகைக்கடன் ரசீது மட்டும்.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. வரப்பைச் சுற்றிப் பழைய சேலை கட்டினோம். பக்கத்தில் சிவகாசி இருக்கிறதே என்று பட்டாசு வாங்கி வெடித்தோம். முதல் இரண்டு நாள் ஓடினார். அப்புறம் தனக்கு வரவேற்பு என்று எடுத்துக்கொண்டார். சிவகாசிக்காரர்களுக்குத் தீபாவளி வருடத்துக்கு ஒருமுறை, பன்றியாருக்கு எங்கள் செலவில் தினமும்.

புரட்டாசியில் விதைத்து, மழைக்கு ஏங்கி, களை எடுத்து, மார்கழிப் பனியில் விடிய விடியக் காவல் கிடந்தவனைப் பார்த்து செல்ஃபி எடுத்துட்டு வா என்று சொல்ல உங்களுக்கு வாய் எப்படி வந்தது? கேட்பதற்கு நாதியற்றுப் போய்த்தான் ஒருவன் கரண்ட் வேலி போடுகிறான். அதை மிதித்துச் சாகிறவனும் சம்சாரி, கைதாகி ஜெயிலுக்குப் போகிறவனும் சம்சாரி. இரண்டு வீட்டிலும் ஒப்பாரி. உங்கள் கோப்பில் மட்டும் மனு முடித்துவைக்கப்பட்டது என்று ஒரு வரி. வெட்கமாக இல்லையா?

மன்னிக்க வேண்டும். தூக்கம் கெட்டவன் பேச்சு அப்படித்தான் இருக்கும். பாராட்டைத் தொடர்கிறேன்.

மற்ற மாநிலங்களில் பன்றியாரின் பணி விதிகள் வேறு மாதிரி. பீகாரில் 2015 டிசம்பரிலும் உத்தரகாண்டில் 2016லும், குறிப்பிட்ட காலத்துக்கு அவரைப் பயிரழிக்கும் விலங்கு என்று மத்திய அரசே அறிவித்தது. கேரளம் அதையே கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல், 2022இல் உள்ளாட்சித் தலைவர்களிடமே சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்தது. அங்கே தலைவர் கையில் அதிகாரம். இங்கே தலைவரே இல்லை.

பயிர்க் காப்பீட்டிலும் நல்ல சேதி. வனவிலங்குச் சேதத்துக்கும் 2026 கரீப் பருவத்திலிருந்து இழப்பீடு உண்டு என்று 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. 72 மணி நேரத்துக்குள், இடம் பதிவான படத்தோடு, செயலியில் தெரிவிக்க வேண்டும். எந்த விலங்கு, எந்த மாவட்டம் என்ற பட்டியலை மாநில அரசு தர வேண்டும். அந்தப் பட்டியலில் பன்றியார் பெயரும் விருதுநகர் பெயரும் விடுபட்டுவிடக் கூடாது. அவர் சர்வீஸில் சீனியர்.

அவரை அடியோடு ஒழிக்கச் சொல்லவில்லை. காட்டில் புலிக்கும் சிறுத்தைக்கும் அவர் இரை என்பது எங்களுக்கும் தெரியும். காட்டில் நன்றாக இருக்கட்டும். எங்கள் கண்மாயில் புலி கிடையாது, அவ்வளவுதான். ஆகவே பணிந்து கேட்பது மூன்று. புரட்டாசிக்கு முன் கண்மாய்க் கருவேலத்தை அகற்றுங்கள், அது எந்தத் துறையின் பொறுப்பு என்று பெயர் போட்டு எழுதுங்கள். குளம்புத் தடத்தையும் கிளறிய மண்ணையும் வந்து பார்த்து ஆதாரமாக ஏற்றுக்கொள்ளுங்கள். பன்றியைப் பற்றி முடிவெடுக்கும் குழுவில், அந்த ஊரில் வெள்ளாமையைப் பறிகொடுத்த சம்சாரி ஒருவருக்கு, ஆணோ பெண்ணோ, ஓர் இடம் கொடுங்கள். எங்களுக்காக எல்லோரும் பேசுகிறார்கள். எங்களைப் பேச விடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள சம்சாரி.