நெய் பூசிய வேல்கள்

ஓசூர் சிப்காட் பக்கம் ஓர் ஆலையில் தொழிலாளர்களுக்கென்று மனநல ஆலோசனை அறை நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். கண் குளிர்ந்தது. உடம்பும் குளிர்ந்தது, ஏ.சி. அப்படி.

சுவரில் நான்கு பெரியவர்கள்: ஃப்ராய்ட், கார்ல் ரோஜர்ஸ், ஆல்பர்ட் எல்லிஸ், ஆரோன் பெக். நம் ஊர் மளிகைக்கடையில் முருகனும் ஏசுவும் மெக்காவும் ஒரே சட்டத்துக்குள் இருப்பார்களே, அதே ஒற்றுமை. எல்லிஸும் பெக்கும் ஃப்ராய்ட் வழியில் பயின்று, அது சரிப்படாதென்று வெளியே வந்தவர்கள். சொல்பவரை நிபந்தனையின்றி ஏற்றுக்கொண்டு காது கொடுங்கள் என்றார் ரோஜர்ஸ். எல்லிஸோ எதிரில் இருப்பவரின் நம்பிக்கையோடு மல்லுக்கு நிற்பார். அவர்கள் ஆயுள் முழுக்கத் தீர்க்காத வழக்கை இந்த அறை இருபது நிமிடத்தில் சமரசம் செய்துவைக்கிறது. முதல் ஐந்து நிமிடம் ரோஜர்ஸ், தலையாட்டல். அடுத்த பத்து நிமிடம் பெக், எண்ணத்தைத் திருத்தல். மிச்சத்துக்கு மூச்சுப் பயிற்சி. இருபத்தோராவது நிமிடம் லைனில் ஆள் குறையும் என்பதால் எந்தக் கோட்பாடும் அதற்குமேல் நீள்வதில்லை. பிசிபேளாபாத் மாதிரி எல்லாம் கலந்த பக்குவம். பருப்பு வெந்ததா என்று கேட்பது விருந்தாளிக்கு அழகல்ல.

பண்பாட்டுப் பன்மையையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவில் டெரால்ட் விங் சூவும் உடன் இருவரும் 1992இல் ஆலோசகருக்கான தகுதிகளை வகுத்தார்கள்: தன் சாய்வைத் தான் அறிதல், வந்தவரின் உலகை அறிதல், அதற்கேற்ற வழியைக் கைக்கொள்ளுதல். அந்தப் பட்டியல் லேமினேஷன் போட்டு மேசைமேல் இருக்கிறது. பிஹு அன்று அசாம் பெண்களுக்குத் தலா ஒரு லட்டு கொடுத்ததாகவும் சொன்னார்கள். வந்தவரின் உலகை இதைவிட மலிவாக அறிய முடியாது.

மொழி விஷயத்தில் காட்டும் அக்கறைதான் என்னை உருக்கியது. ஓசூரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் புழங்கும். கீரை விற்கிற அம்மாகூட ஆளைப் பார்த்து மொழியை மாற்றுவார்; பாவம், அவர் எந்தக் கோட்பாடும் படிக்கவில்லை. இப்போது ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் பிள்ளைகளும் வந்தாயிற்று. வியாழக்கிழமைதோறும் பெங்களூரிலிருந்து காரில் வரும் ஆலோசகர் மேடத்துக்கு ஆங்கிலமும் கன்னடமும் வரும். அதனால் என்ன, மொழிபெயர்க்க ஆள் வைத்திருக்கிறார்கள். அந்தந்த லைன் சூப்பர்வைசர்.

நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். ‘இங்கே பேசுவது ரகசியம்’ என்ற பலகை கதவின் உள்பக்கம் இருந்ததால், அது வெளியே தெரிவதற்காகக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண் ஒருத்தி இந்தியில் பேசினாள். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்திக்கே புரிந்தது: பாத்ரூம் போனால் லைனில் எல்லார் முன்னாலும் நிமிடம் எண்ணுகிறார்களாம், ராத்திரி தூக்கமில்லையாம், லைன் மாற்றிக் கொடுத்தால் போதுமாம். எண்ணுகிறவர் யார் என்று அவள் சொல்லவில்லை. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மூன்று நிமிடப் பேச்சை அவர் பொறுமையாகக் கேட்டு, இரண்டே சொல்லில் பெயர்த்தார்:

“ஹோம்சிக், மேடம்.”

இவ்வளவு சிக்கனமான மொழிபெயர்ப்பை நான் எந்த இலக்கியப் பத்திரிகையிலும் பார்த்ததில்லை. மேடம் கனிவாகத் தலையாட்டி, ‘வீட்டு ஏக்கம், எதையும் பெரிதுபடுத்திப் பார்க்கும் எண்ணப்போக்கு’ என்று குறித்துக்கொண்டார். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிகிச்சைக்குச் சம்மதம் கேட்குமுன் விவரங்களை அந்த நபருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது. இங்கே நிர்வாகத்துக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சட்டம் அதையும் ஒரு நபராக எண்ணிக்கொள்ளட்டும்.

நம் நாட்டு வழிகளை மறந்துவிட்டார்கள் என்றும் யாரும் குறை சொல்ல முடியாது. மேற்கத்திய முறையை அப்படியே இறக்காமல், குரு–சீடர் உறவை மனதில் வைத்து நம் மக்களுக்கான சிகிச்சையை யோசிக்கலாம் என்று ஜஸ்வந்த் சிங் நேகி 1973இல் எழுதினார். அதிலிருந்து, குரு முன்னால் சீடர் வாய் திறக்கக்கூடாது என்ற சாரத்தை மட்டும் பிழிந்து எடுத்திருக்கிறார்கள். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர், நோயாளியின் குடும்பமும் கூடவே தங்கட்டும் என்று வளாகத்தில் கூடாரம் போட்டுக் கொடுத்தார். இங்கே குடும்பத்துக்குப் பதிலாக ஹாஸ்டல் வார்டன். ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார், கூடாரச் செலவும் மிச்சம்.

ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 வரை தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. தருமபுரி என்பது அதியமானின் தகடூர். அவனுக்காகத் தூது போன அவ்வை, தொண்டைமானின் ஆயுதச்சாலையில் நெய் பூசி மினுங்கிய வேல்களைப் பார்த்து வாயாரப் புகழ்ந்தாள். எங்கள் அரசனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள். இந்த அறையின் வேல்கள் ஒன்றிலும் கீறல் இல்லை. நாலு கோட்பாட்டில் எதை எடுத்தாலும் அந்தப் பெண்ணின் மனதைத்தான் குத்துகிறது, லைன் பக்கம் ஒன்றும் திரும்புவதில்லை. அவள் கேட்டதோ லைன் மாற்றம். அதற்கு ஃப்ராய்ட் வேண்டாம், ஹெச்.ஆரில் ஒரு கையெழுத்து போதும்.

அடுத்த வியாழக்கிழமையும் அவளை வரச் சொல்லியிருக்கிறார்கள். அதே மொழிபெயர்ப்பாளர்தான்.

உங்கள் தெருவில் வெளிமாநிலப் பிள்ளைகள் வாடகைக்கு இருந்தால் 14416 என்ற எண்ணை எழுதிக் கொடுங்கள். டெலி மானஸ், 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கியது. கட்டணமில்லை, இருபது மொழிகளில் பேசலாம், நடுவில் சூப்பர்வைசர் கிடையாது. ஷிப்டில் செல்போன் லாக்கரில் இருக்கும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கூப்பிடச் சொல்லுங்கள்.