பரிசுறவு நூல்: முதற்படலம்

மாணாக்க, சுவடியை மூடிவைத்துச் செவிகொடு. நோபல் பரிசு பெற்றோரை வகுத்தவர் பலர். பெறாதார் பெற்றாரோடு கொண்டாடும் உறவை வகுத்தவர் இலர். அவ்வுறவே பரிசுறவு. அதற்கு நிலம் மரக்காணத்து உப்பளம், பொழுது அக்டோபர்த் திங்கள், ஆண்டு 2009.

பொழுது அதுவாதற்குக் கரணியம் உண்டு. மழை இறங்கினால் பாத்திகள் அமிழும், உப்பு வாரும் பலகை சுவரில் சாயும், அளத்துக்காரர்க்குத் தேநீர்க் கடையில் செய்தித்தாளை மடிப்பு விரித்துப் படிக்க நேரம் வாய்க்கும். சுவீடன் நாட்டார் இதையறிந்தே அத்திங்களைத் தேர்ந்தனர் என்பாரும் உளர். அது தனியே ஆராயத்தக்கது.

1. மண்ணுறவு. அவ்வாண்டு வேதியியற் பரிசு வெங்கட்ராமன் இராமகிருட்டிணன், தாமசு இசுடைட்சு, ஆடா யோனத் ஆகிய மூவர்க்கும் பகிரப்பட்டது. முதல்வர் 1952இல் சிதம்பரத்தில் பிறந்தவர். ஆகவே இவ்வுறவு மூன்றாய் விரியும்: ஊருறவு, ஊரடுத்தவுறவு, பேருந்துறவு. சிதம்பரம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தெற்கே இருத்தலின், மரக்காணத்தார்க்கு உரியது மூன்றாவது. அதன் வாய்பாடு: "நம்ம ரோட்டு மேலதான் அவங்க ஊரு." மூன்று அகவையிலேயே அவர் ஊரை விட்டுப் பரோடா சென்றாரே எனின், அறியாது வினவினாய். மண்ணுறவுக்கு மண்ணின் ஒப்புதல் போதும். பரிசாளர் ஒப்புதல் வேண்டற்பாலதன்று.

2. ஆசானுறவு. இதுவே தலையாயது. பயின்றார்க்குப் பயிற்றல், பயிலார்க்குப் பயிற்றல் என இருவகைத்து. பின்னதற்குச் சான்று வலிது: பரிசு அறிவித்த சின்னாட்களில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இராமகிருட்டிணனுக்குப் பாடம் சொன்னதாக ஆசான் ஒருவர் வெளிப்பட்டார். தாம் அங்குப் பயின்றதே இல்லை என்றார் பரிசாளர். முன்னதற்கு வருகைப் பதிவேடு வேண்டும். பின்னதற்கு அத்தொல்லை இல்லை. இதன் கிளை வாழ்த்துப்பெருக்கு. முன்பின் அறியார் அனுப்பிய மடல்களால் மின்னஞ்சற்பெட்டி அடைபட்டு, பணிமடல்களைத் தேடியெடுக்க நேர்ந்ததென அவர் நொந்துரைத்தார். நொந்தமையால் உறவு முறியாது; உறவினர் நொந்துகொள்வது இயல்பே.

(1930இல் பெற்ற இராமனுக்கு 1983இல் பெற்ற சந்திரசேகர் உடன்பிறந்தார் மகன். இது மெய்யான உறவாதலின் இந்நூல் எல்லைக்குள் வாராது.)

3. ஏட்டுறவு. அவ்வாண்டு இலக்கியப் பரிசு பெற்றவரும், உருமேனியாவில் பிறந்து செருமன் மொழியில் எழுதுபவருமான எர்டா முல்லர்பால் எழுவது. படித்தார், படித்ததாகச் சொல்வார், படிக்க எடுத்துவைத்தார் என மூவர். முதலாமவரைக் கண்டவுடன் எனக்குத் தெரிவி.

4. எதிர்வுறவு. அமைதிப் பரிசு பெற்ற பராக் ஒபாமா அவ்வாண்டு சனவரி 20இல் பதவியேற்றார். பெயர் முன்மொழியும் கெடு பிப்ரவரி 1. செய்யவிருப்பதற்குப் பெற்ற இப்பரிசு காலவழுவமைதியின்பாற்படும். இனிச் செய்யவிருப்போர் அனைவரும் இவர்க்கு உறவினர். வேலைக்குப் போகாதாரும் அடங்குவர்.

5. பங்குறவு. பலர்க்கும் பொதுவான மீன்வளம், பாசனநீர் முதலியவற்றைப் பயன்கொள்வோர் தாமே கட்டுப்பாடு வகுத்துக் காக்கவல்லார் எனக் காட்டிய எலினோர் ஆசுட்ரோம், பொருளியற் பரிசு பெற்ற முதற்பெண். உவர்நீர் வாய்க்காலில் இன்று யார் மடை, நாளை யார் மடை என்று விடியுமுன் வழக்காடுவோர் இவரைக் கேள்வியுற்றதும் கூறுவது: "இதுக்கா பரிசு?" இகழ்ச்சிபோல் ஒலிப்பினும் இது நெருங்கிய உறவின் குறி. பங்காளிகள் இவ்வாறே பேசுவர்.

இனி ஒன்று. யோனத்தும் இசுடைட்சும் உயிரணுவில் புரதம் கட்டும் இரைபோசோமைப் பளிங்காய்த் திரட்டி ஆய்ந்தபோது எடுத்த நுண்ணுயிர்களுள் ஒன்று சாக்கடலின் உப்புவிரும்பி. அடர்ந்த உவர்நீரில் செம்மை படர்த்துவதில் அவ்வினத்துக்குப் பங்குண்டு. பாத்தி பாத்தியாய்க் கடல்நீரை முற்றவைத்து, போமே அளவில் ஏறத்தாழ 25 பாகையில் உப்புப் பரல் கட்டக் காத்திருப்போர் நம் அளத்தார். பொறுத்திருந்து பளிங்கு திரட்டல் இருவர்க்கும் தொழில். இதனை உப்புறவு எனலாமோ எனின், ஆகாது. சான்று பொருந்தினும் கோருவார் எவரையும் கண்டிலேம், கோருவாரின்றி உறவில்லை. ஆதலின் எண் தந்திலேம்.

புறனடை: இயற்பியற் பரிசு கண்ணாடியிழையில் ஒளி செலுத்தியதற்கும் படம்பிடிக்கும் மின்கண்ணுக்கும் ஆதலின், கைப்பேசியுடையார் யாவரும் உறவினராகி எண்ணிக்கை பெருகும், விடுத்தாம். மருத்துவத்துக்கு உரியதை நீயே வகுத்து, தாளின் ஒரு புறம் மட்டும் எழுதிக் கொண்டு வா.